குளிர்மலைக்கு எந்தச் சிறு கேரவன்?

கேள்வி, தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டிலிருந்து, 2024 மே 5

ஐயா, நானும் கணவரும் ஏழு வயது மகளும் இதுவரை கடற்கரையோரத்தில் மட்டுமே கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறோம். ஜூன் குளிர்காலப் பள்ளி விடுமுறையில் டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்தில், மின் இணைப்பு இல்லாத முகாமில் நான்கைந்து நாள் தங்க ஆசை. எங்களிடம் 1.5 லிட்டர் எஞ்சின் கொண்ட சிறு கார் இருக்கிறது. நல்ல ஹீட்டரும் பெரிய லித்தியம் பேட்டரியும் இருந்துவிட்டால் கார் இழுத்துச் செல்லும் எந்தச் சிறு கேரவனும் குளிருக்குப் போதும் என்கிறார் கணவர். அது சரியா?

மே 6

சரியில்லை. ஹீட்டர் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது உங்கள் ஓட்டுநர் உரிம அட்டை. அதில் ‘பி’ என்று மட்டும் இருந்தால், மொத்த அனுமதி எடை 750 கிலோவைத் தாண்டாத ட்ரெயிலரை மட்டுமே நீங்கள் இந்த நாட்டில் இழுக்கலாம். அதற்கு மேல் போனால் ‘ஈபி’ வகை உரிமம் வேண்டும். என்னைப் போன்ற பழைய ஆட்கள் இதைப் பற்றி யோசித்ததே இல்லை, ஏனெனில் எங்கள் பழைய ‘08’ வகை உரிமங்கள் அட்டையாக மாறியபோது தாமாகவே ஈபி ஆகிவிட்டன. ‘மாமா இழுக்கிறாரே, நான் ஏன் இழுக்கக் கூடாது’ என்ற கேள்வி நம் வீடுகளில் எழுவது இதனால்தான்.

அடுத்தது கார். ட்ரெயிலருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் அதன் மொத்த எடை, இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. உங்கள் கார் 1,100 கிலோ என்று வைத்துக்கொண்டால் 550 கிலோவோடு கதை முடிந்தது. அதில் அரிசி, தண்ணீர், கேஸ் பாட்டில், போர்வை எல்லாம் அடக்கம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி டவுன் ஹில் ஏறி, ஹோவிக்கில் ஆர்-617 சாலைக்குத் திரும்பி, புல்வர் வழியாக அண்டர்பர்க் போய்ச் சேரும்போது நீங்கள் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருப்பீர்கள். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். காரின் கையேட்டில் போட்டிருக்கும் இழுவை எடையைப் படிக்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குப்படி உங்களுக்கு ஏற்றது, பின்பக்கம் அடுப்படியும் உள்ளே படுக்கையும் மட்டுமே கொண்ட, கண்ணீர்த்துளி வடிவச் சிறு ட்ரெயிலர்தான்.

மே 6, இரவு

ஒன்றைத் தெளிவாகச் சொல்லத் தவறிவிட்டேன். 750 கிலோ என்பது அன்றைக்கு நீங்கள் ஏற்றியிருக்கும் எடையல்ல, வண்டியின் தகட்டில் பொறித்திருக்கும் மொத்த அனுமதி எடை. காலி வண்டியாக இழுத்துப் போனாலும் தகட்டில் 900 என்று இருந்தால் அது 900தான்.

மே 11

சுவரைப் பற்றிச் சொல்லாமல் ஹீட்டரைப் பற்றிப் பேசுவது, ஓட்டைக் குடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போடுவதைப் போன்றது. என்னுடைய வண்டி 1980களில் இங்கேயே செய்யப்பட்டது: வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ஹார்டுபோர்டு, இடையில் மரச்சட்டமும் 25 மில்லிமீட்டர் தெர்மாகோலும். நீளம் 3.6 மீட்டர், அகலமும் உயரமும் 1.9 மீட்டர். ஆறு பக்கங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 35 சதுர மீட்டர். இத்தகைய சுவரில், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 1.3 வாட் வெப்பம் வெளியேறும். வெளியே மைனஸ் 5, உள்ளே 15 என்றால் வேறுபாடு 20 டிகிரி. ஆகவே இரவு முழுவதும் 900 வாட் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

பக்கவாட்டில் துணி விரியும் மடக்கு ட்ரெயிலர்களில் இதே கணக்கு நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிடும். சோட்வானா கடற்கரையில் பிப்ரவரி மாதத்துக்கு அது சொர்க்கம்; ஜூன் மாத மலைக்கு அது துணிக்கடைப் பந்தல்.

கண்ணீர்த்துளியை எடுத்துக்கொண்டால் மொத்தப் பரப்பே 16 சதுர மீட்டர்தான். டிகிரிக்கு 21 வாட். உறங்கும் மனித உடல் ஒவ்வொன்றும் 75 வாட் அளவுக்கு வெப்பம் தரும், குழந்தை சற்றுக் குறைவாக. நீங்கள் மூவரும் சேர்ந்து 200 வாட். ஹீட்டரே இல்லாமல், வெறுமனே படுத்துக்கொள்வதாலேயே உள்ளே ஒன்பது, பத்து டிகிரி கூடிவிடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை, சத்தமும் இல்லை, கணவர் குறட்டை விடாதவராக இருந்தால்.

மே 12

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். காற்றோட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். அதை விட்டால் இந்தக் கணக்கு ஆபத்தானது. மூன்று பேர் படுத்திருக்கும் அவ்வளவு சிறிய பெட்டிக்குள் நொடிக்குப் பன்னிரண்டு லிட்டர் அளவாவது புதுக் காற்று வர வேண்டும். அந்தக் காற்றைச் சூடாக்கவே டிகிரிக்குப் பதினான்கு வாட்டுக்கு மேல் போய்விடும். ஆக மொத்தம் 35 வாட். 200 வாட்டுக்குக் கிடைப்பது பத்து டிகிரி அல்ல, ஆறுக்கும் குறைவு.

‘அப்படியானால் காற்றோட்டத் துளையை அடைத்துவிடலாமே’ என்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். என் முதல் குளிர்காலத்தில் நான் செய்ததும் அதுதான். மேல் துளையைப் பழைய துவாலையால் அடைத்துவிட்டு, கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட நினைப்பில் உறங்கினேன். விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் ஒரு துளி விழுந்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தால், கூரையின் அலுமினிய விளிம்பு முழுவதும் முத்துக் கோத்ததுபோல நீர்த்துளிகள்; சன்னலின் உட்புறத்தில் மெல்லிய பனிப்படலம்; மெத்தையைத் தூக்கியபோது அடிப்பலகை ஈரத்தில் மினுங்கியது. ஜூனில் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் மறைந்தால் மறுநாள் ஏழு மணியை ஒட்டித்தான் வருகிறது. அந்த நீண்ட இரவில் மூன்று பேர் மூச்சிலும் தோலிலுமாக விடும் நீர் ஏறத்தாழ ஒரு லிட்டர். அது எங்காவது போயாக வேண்டும். துளை வழியே போகாவிட்டால் மெத்தைக்குள் போகும்.

ஆகவே என் கருத்தை மாற்றி எழுதுகிறேன்: மலையில் நம் முதல் எதிரி குளிரல்ல, ஈரம். காய்ந்த போர்வைக்குள் 5 டிகிரியில் நன்றாகத் தூங்கலாம். ஈரப் போர்வைக்குள் 12 டிகிரியிலும் தூங்க முடியாது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, மூட முடியாத துளைகள் உள்ள வண்டியைத் தேடுங்கள். மெத்தைக்குக் கீழே கட்டைச் சட்டம் போட்டுக் காற்று ஓட வழி செய்யுங்கள்.

மே 19

கண்ணீர்த்துளி பற்றி ஒரு மறுயோசனை. நீங்கள் மூவர். அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் படுக்கை 1.4 மீட்டர் அகலம்தான். ஏழு வயதில் மகள் நடுவில் படுப்பாள். பத்து வயதில் நீங்கள் இருவரும் விளிம்பில் தொங்குவீர்கள். மழை பெய்தால் உட்கார்ந்து சாப்பிட இடமும் இல்லை. உரிமத்தையும் காரையும் மட்டும் வைத்து அவசரமாகச் சொல்லிவிட்டேன். உங்களில் ஒருவர் ஈபி தேர்வு எழுத முடிந்து, உங்கள் அண்ணனுடைய பக்கியை (பின்புறம் திறந்த சரக்கு வண்டியை) இரவல் வாங்கவும் முடிந்தால், ஓடுபிரேக் (கார் வேகத்தைக் குறைக்கும்போது ட்ரெயிலரில் தானாகப் பிடிக்கும் பிரேக்) பொருத்திய பழைய சிறு கேரவன்தான் நல்லது. ஸ்பிரைட், ஜிப்சி, ஜர்கன்ஸ் என்று எத்தனையோ பழைய வண்டிகள் நம் வீட்டு முற்றங்களில் நிற்கின்றன. ட்ரெயிலரின் மொத்த எடை இழுக்கும் வண்டியின் வெற்று எடையை மிஞ்சக் கூடாது என்பதை மட்டும் நான் எப்போதும் விட்டுக்கொடுப்பதில்லை.

பழைய வண்டி வாங்கும்போது கட்டைவிரலைக் கூடவே கொண்டு போங்கள். 2009ஆம் ஆண்டு நான் வாங்கியபோது, விற்றவர் வெள்ளை வண்ணம் புதிதாக அடித்து, சோப்பு மணக்கக் கழுவி வைத்திருந்தார். நான் டயரைத் தட்டினேன், விளக்கைப் போட்டுப் பார்த்தேன், பணத்தைக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து முன் சன்னலுக்குக் கீழே மூலையில் தற்செயலாக விரலை ஊன்றினேன். நமத்துப்போன அப்பளம்போல ஹார்டுபோர்டு உள்ளே அமுங்கியது. பின்னாலிருந்த மரச்சட்டம் கையில் மாவாக வந்தது. தெர்மாகோல் மட்டும் நல்ல உடம்போடு இருந்தது. முன்பக்கச் சுவர் முழுவதையும் பிரித்து மீண்டும் கட்ட எனக்கு ஒரு தைப்பூசத்திலிருந்து அடுத்த தைப்பூசம் வரை ஆயிற்று.

முன் மூலை, பின் மூலை, கூரைத் துளையைச் சுற்றி, சன்னலுக்கு அடியில், அலமாரிக்கு உள்ளே: எல்லா இடத்திலும் அழுத்திப் பாருங்கள். பிறகு தரையில் படுத்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். நம் கடற்கரைக் கேரவன்களின் இரும்பை உப்புக்காற்று மேலிருந்து அல்ல, அடியிலிருந்துதான் தின்னும்.

மே 26

மின்சாரம். மலையில் எங்களுக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவு: 12 வோல்ட் குளிர்பெட்டிக்கு, குளிர்காலமாதலால், 250 வாட்-மணி, ஹீட்டரின் விசிறிக்கும் பம்புக்கும் இரவு முழுவதும் 200, விளக்கு, கைப்பேசி எல்லாம் சேர்த்து 100. ஆக 550. நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 1,280 வாட்-மணி கொள்ளும். சூரியனே வராவிட்டாலும் இரண்டு நாள் ஓடும். அதே அளவு ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும், எடையும் இரண்டு மடங்குக்கு மேல். இந்த அளவில் உங்கள் கணவர் சொன்னது சரி.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியிலிருந்து உறைநிலைக்குக் கீழும் மின்சாரம் எடுக்கலாம். ஆனால் பேட்டரி பூஜ்ய டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அதற்குள் மின்சாரம் ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பேட்டரி நிரந்தரமாகக் கெடும். காலை ஏழு மணி, தரையெல்லாம் உறைபனி, பளீரென்று வெயில், சூரிய மின்பேனல் வேலையைத் தொடங்கிவிட்டது என்றால் ஆபத்தான நேரம் அதுதான். பேட்டரியை முன் பெட்டியில் வைக்காமல் மக்கள் உறங்கும் அறைக்குள், கட்டிலுக்கு அடியில் வையுங்கள்; குளிரில் ஏற்றத்தைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு அதில் இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள். 2024 மார்ச் 26க்குப் பிறகு நாட்டில் மின்வெட்டு நின்றிருப்பதால், வீட்டுக்கு வாங்கிய பேட்டரியைப் பாதி விலைக்கு விற்கும் விளம்பரங்கள் என் கண்ணில் படுகின்றன. எனக்குச் சபலம் உண்டு. அதன் வயது தெரியாமல் நான் தொட மாட்டேன்.

பேனலுக்கு 200 வாட் போதும். தெற்கு நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

மே 27

வடக்கு! வடக்கு நோக்கி! கோயம்புத்தூரிலிருக்கும் உறவினர் தம் வீட்டு மாடிப் பேனலைப் பற்றி விளக்கியது காதில் ஒலித்துக்கொண்டே இருக்க, அவர் திசையை நம் நாட்டுக்கு எழுதிவிட்டேன். சுட்டிக்காட்டிய மூவருக்கும் நன்றி. நான்காமவர் வாஸ்து கேட்டிருக்கிறார், அவருக்கும் வடக்குதான்.

ஜூன் மாத நடுப்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரைமேல் படுக்கவைத்த பேனல், சூரியனை நேரே பார்க்கும் பேனல் தருவதில் ஆறு பங்குதான் தரும், பத்துக்கு. கையால் தூக்கிச் சாய்க்கக்கூடிய பேனலே மேல். குளிர்காலம் அங்கே வறண்ட காலம், வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும் என்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் மலைச்சுவர் மேற்கே நிற்பதால், நாள்காட்டியில் போட்ட நேரத்துக்கு முன்பே முகாமில் நிழல் விழுந்துவிடும். ஆகவே கிழக்கும் வடக்கும் திறந்த இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள்.

ஜூன் 2

கேஸ். பாட்டிலுக்குள் இருப்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரோபேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். பியூட்டேனோ உறைநிலையை ஒட்டியே அடங்கிவிடும். முதல் இரண்டு நாள் புரோபேன் விரைவாகப் போய், அடியில் பியூட்டேன் மிகுந்து நிற்கும். மூன்றாம் நாள் விடியற்காலை காப்பிக்குப் பற்றவைத்தால் நீலச் சுடர் சுருங்கி, அகல் விளக்குபோல ஆடும். பாட்டிலை ஆட்டினால் திரவம் தளும்புகிறது, ஆனால் அடுப்பு வேலை செய்யாது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பேசினில் நிறுத்தினால் உயிர் வரும். வெந்நீர் வேண்டாம், நெருப்பு அறவே வேண்டாம். சிறு பாட்டில் இரண்டைவிட 9 கிலோ பாட்டில் ஒன்று குளிரில் நன்றாக வேலை செய்யும். என் தந்தையின் பாரஃபின் ஸ்டவ் இன்னும் வண்டியில் இருக்கிறது. அதற்குப் பருவம் தெரியாது.

சமையலை வெளிக்கூடாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கும். ரசம் கொதிக்கும் ஆவி அதற்கு மேல். பிரஷர் குக்கரை மறக்காதீர்கள்: 1,600 மீட்டரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஜூன் 3

கரியடுப்பை, அதாவது இம்பாவுலாவை, ‘கொஞ்ச நேரம்’ உள்ளே வைக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். கூடாது. தணலில் புகை இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு மணமில்லை. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும்.

ஜூன் 8

இப்போது ஹீட்டர். டீசல் ஹீட்டர் தனக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விட்டு, உள்ளே காய்ந்த சூட்டை மட்டும் தருகிறது. ஈரத்தைக் கூட்டாத சூடு என்பதே அதன் பெருமை. 2 கிலோவாட் அளவு என் வண்டிக்கே மிச்சம். 5 கிலோவாட் வாங்கி மெல்ல ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். மெல்ல ஓட்டினால் கரி பிடிக்கும். உயரத்தில் காற்று மெலிவதால் அதே டீசலுக்கு ஆக்சிஜன் போதாது, கரி இன்னும் விரைவாகப் பிடிக்கும். உயரத்துக்கு ஏற்ப எரிபொருளைக் குறைக்கும் அமைப்பு உள்ளதாகப் பாருங்கள். அணைக்கும் முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். பம்பு ‘டிக், டிக்’ என்று தாளம் போடும். என் மனைவி முதல் இரவு அதை எண்ணிக்கொண்டே விழித்திருந்தார். இரப்பர் துண்டு ஒன்றை இடையில் வைத்துத் தொங்கவிட்ட பிறகு சமாதானம் ஆயிற்று. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் எந்த ஹீட்டரும் வேண்டாம்.

ஜூன் 30

கோப்ஹாம் முகாமிலிருந்து திரும்பினோம், ஹைம்வில்லுக்குப் பக்கத்தில், போலேலா ஆற்றங்கரையில் நான்கு இரவுகள். மூன்றாம் நாள் பகலில் மலையிலிருந்து பெர்க் காற்று இறங்கியது. ஜூன் மாதத்தில் சட்டையைக் கழற்றும் அளவுக்கு வெப்பம். அனுபவமில்லாதவர்கள் அதை வரம் என்று நினைப்பார்கள்; குளிர் முகப்பு ஒன்று பின்னால் வருகிறது என்பதற்கான அறிகுறி அது. காய்ந்த புல்லில் தீ பரவும் காலமும் அதுவே, ஆகவே பிராய் அடுப்பை (இறைச்சி சுடும் வெளியடுப்பை) மூடினோம். இரவில் காற்று திசை மாறியது. காலையில் நாய்த்தட்டில் இருந்த தண்ணீரை உடைத்து எடுத்தேன்.

இத்தனை எழுதிய நான் ஒரு தவறு செய்தேன். வண்டிக்கு அடியில் ஓடும் தண்ணீர்க் குழாயை இரவில் வடிக்க மறந்துவிட்டேன். காலையில் ஒன்றும் தெரியவில்லை. பதினொரு மணிக்கு வெயில் ஏறி, பனி உருகிய பிறகுதான் முழங்கைத் திருப்பத்தில் விரிசல் இருப்பதைத் தண்ணீரே காட்டிக்கொடுத்தது. மீதி நாட்களுக்கு இருபது லிட்டர் கேன்தான். உங்கள் வண்டியில் குழாய் உள்ளேயே ஓடுகிறதா என்று பாருங்கள். அடியில் ஓடினால், குளிர்காலத்துக்குக் கேனே போதும், அது உடைவதில்லை.

கேள்வி கேட்ட டொங்காட் தங்கை, தம் குடும்பத்தோடு அவசரப்பட்டு வாங்காமல், மின் இணைப்புள்ள மஹாய் முகாமில் கூடாரத்தில் மூன்று நாள் தங்கிப் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறார். ‘குளிர் பரவாயில்லை ஐயா, காலையில் கூடாரத்துக்குள் மழை பெய்தது’ என்கிறார். அதுதான்.

செப்டம்பர் 22

வெள்ளி இரவு பெய்த பனியில் வான் ரீனன் கணவாய்ப் பகுதியில் என்-3 நெடுஞ்சாலை மூடப்பட்டு, ஏராளமானோர் வண்டிகளிலேயே இரவைக் கழித்தார்கள். பள்ளி மூடிய நாள் என்பதால் சாலை நிறைய குடும்பங்கள். நாங்களும் சனிக்கிழமை ஹாரிஸ்மித் போவதாக இருந்தோம், போகவில்லை. கேரவன் வைத்திருப்பவருக்குப் படுக்கை கூடவே வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றத்தில் பனிமேல் சறுக்கும் முதல் வண்டியும் கேரவன் இழுக்கும் வண்டியாகத்தான் இருக்கும். நின்றுவிட்ட வண்டியில் சூட்டுக்காக எஞ்சினை ஓட்டுபவர்கள், புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டு ஓட்ட வேண்டும். மே மாதத்திலிருந்து ஜூன், ஜூலையைப் பற்றியே எழுதி வந்தேன். செப்டம்பரை வசந்தம் என்று ஒதுக்கியது என் பிழை.

அக்டோபர் 6

தங்கை நான்கு பழைய கேரவன்களைப் பார்த்திருக்கிறார். முதல் மூன்றிலும் கட்டைவிரல் உள்ளே போனதாம். ஒன்றின் உரிமையாளர் ‘ஏன் அம்மா என் வண்டியைக் குத்துகிறீர்கள்’ என்று கோபித்துக்கொண்டாராம். நான்காவதில் போகவில்லை. ஓடுபிரேக் உண்டு, குழாய் உள்ளேயே ஓடுகிறது, கூரையில் இரண்டு காற்றோட்டத் துளைகள். ஹீட்டர் இல்லை, அதை அடுத்த மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணவரே சொல்லிவிட்டார். ஈபி தேர்வுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை வண்டி டொங்காட்டில் அண்ணன் வீட்டு முற்றத்தில் நிற்கும். மழைக்காலம் தொடங்குகிறது, ஆகவே மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்தி, அலமாரிக் கதவுகளைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.